பெண்களுக்கான ஒருநாள் ஆர்கன் விழா: மிதி ஆர்கனை வைத்து நடத்த முடியுமா?

பொறையார் ஆல்ட்டோ:

வணக்கம். தரங்கம்பாடி பக்கம் ஒரு லுத்தரன் சபை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, பெண்கள் எழுதிய ஆர்கன் இசையைப் பெண்களே வாசிக்கிற மாதிரி சின்னதாக ஒரு விழா வைக்கலாம் என்று பாடற்குழுவில் பேசி வைத்திருக்கிறோம். சபைப் போதகர் ஐயரும் சரி சொல்லிவிட்டார்.

கையில் இருப்பது பழைய அமெரிக்க மிதி ஆர்கன் ஒன்று. 61 கட்டை, 11 ஸ்டாப் (ஒலி வகையை மாற்றும் இழுப்புக் குமிழ்), முழங்காலால் தள்ளும் தகடு இரண்டு. நாலைந்து கட்டை ஊமை. நடு சி-க்கு மேலே உள்ள ஜி கை வைக்காமலே ஊதிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் காற்று நிற்பதில்லை. இதைத் தவிர 61 கட்டை கீபோர்டு ஒன்று உண்டு. காலால் வாசிக்கிற பெடல் வரிசை எங்கள் பக்கம் எங்குமே கிடையாது.

வாசிக்க நாலு பேர். இரண்டு பேர் டிரினிட்டி கிரேடு 5 முடித்தவர்கள். மற்ற இரண்டு பேர் பாமாலைப் பாட்டுகளை நாலு குரலிலும் தடுமாறாமல் வாசிப்பார்கள். வயலின் ஒருவர், பாட 15 பேர்.

ஆர்கனைச் சரிசெய்வது நடக்கிற காரியமா? பெடல் இல்லாமல் வாசிக்கக்கூடிய பெண்களின் இசை எது? கீர்த்தனையும் சேர்க்கலாமா? வாடகைக்குப் பெரிய டிஜிட்டல் ஆர்கன் எடுத்துவிடுங்கள் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

ரீடு கொக்கி:

தாராளமாக நடக்கும். ஆனால் வரிசை மாறக்கூடாது. எல்லாரும் ஊமைக் கட்டையில்தான் முதலில் கைவைப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்று. உறிஞ்சும் விசை குறைவாக இருந்தால் நல்ல ரீடும் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) பேசாது. நாம் ரீடைக் குறை சொல்லிச் சுரண்டிக்கொண்டிருப்போம்.

எந்த வகை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பின்பலகையைக் கழற்றினால் ரீடுகள் தனித்தனி பொந்துக்குள் செருகியிருக்கிறதா? அது அமெரிக்க வகை. காற்றை உள்ளே உறிஞ்சித்தான் ஒலிக்கும். ரீடுகள் பலகைமேல் திருகாணியால் முடுக்கியிருந்தால் அது பிரெஞ்சு ஹார்மோனியம்; காற்றை வெளியே தள்ளும். 1842ல் பாரிஸில் டெபென் காப்புரிமை எடுத்தது இந்த இரண்டாவது வகைக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகைதான்.

எல்லா ஸ்டாப்பையும் உள்ளே தள்ளி மூடுங்கள். நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய துருத்தி மெதுவாக விரிய அரை நிமிடமாவது ஆனால் பிழைத்தது. நாலைந்து விநாடியில் விரிந்துவிட்டால் துணி ஓட்டை, மூலை கிழிசல், அல்லது மிதிபட்டை அறுந்திருக்கிறது. டார்ச் அடித்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். பெரும்பாலும் எலி வேலை. அந்தக் காலத்திலேயே அமெரிக்கக் கம்பெனிகள் எலி நுழையாத மிதி என்று தனியாக விளம்பரம் செய்து விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஓட்டைக்கு மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டு போதும். துணி முழுக்க விறைத்துப்போயிருந்தால் ரப்பர் பூசிய பருத்தித் துணி வாங்கி மொத்தமாக மாற்ற வேண்டும். ரெக்சின் வேண்டாம். மடிகிற இடத்தில் விறைத்து வெடித்துவிடும். பசை கட்டாயம் வச்சிரம். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். ஃபெவிகால் போட்டால் இன்றைக்கு நன்றாகத்தான் ஒட்டும். அடுத்த முறை பிரிக்கும்போது மரம் சிலாம்பாகக் கையோடு வரும். வச்சிரமோ ஈர வெப்பத்துக்கு இளகிக் கொடுக்கும்.

இந்த ஒட்டு வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். அடைமழைக் காற்றில் பசை காயாது, பூஞ்சை பிடிக்கும். பொங்கல் கழிந்து வெயில் அடித்ததும் ஆரம்பித்தால் பிப்ரவரிக்குச் சரியாக இருக்கும்.

ஊமைக் கட்டை அடுத்து. ரீடை இழுக்க ஒரு கொக்கி வேண்டும். சைக்கிள் கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அரம் போட்டு, கடுகளவு வளைத்தால் ஆயிற்று. ரீடின் அடிப்பக்கம் இருக்கும் பள்ளத்தில் மாட்டி நேராக இழுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரீடு. துடைத்து அதே பொந்தில் செருகிவிட்டுத்தான் அடுத்தது. காய்ந்த மெல்லிய தூரிகையால், நாக்கின் அடியிலிருந்து நுனி நோக்கித் தூசியைத் தள்ளுங்கள். நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை மாட்டினாலே ரீடு ஊமைதான். நாக்கை நிமிர்த்தவோ வளைக்கவோ வேண்டாம்.

கடற்காற்றுக்குப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பிராஸோவும் கூடாது. உலோகம் தேய்ந்த இடத்தைப் பொறுத்துச் சுருதி ஓடும்: நுனி மெலிந்தால் ஏறும், அடி மெலிந்தால் இறங்கும். மென்மையான தூரிகைக்கு வந்தவரை போதும்.

கட்டை சிக்கினால் எண்ணெய் விடவே கூடாது. மரம் உப்பித்தான் சிக்குகிறது, எண்ணெய் பட்டால் இன்னும் உப்பும். உரசும் இடத்தில் பென்சில் கரி தேய்த்தால் போதும்.

விடாமல் ஊதும் ஜி-க்கு ஒரு சோதனை. கப்ளர் ஸ்டாப்பை (ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த எண்மத்துக் கட்டையையும் சேர்த்து ஒலிக்கவைப்பது) உள்ளே தள்ளுங்கள். சத்தம் நின்றால் கப்ளர் நெம்புகோல் சிக்கியிருக்கிறது. நிற்காவிட்டால் கட்டையின் முன்பக்கத்தை விரலால் லேசாக மேலே தூக்குங்கள். அப்போது நின்றால் கட்டையோ அதன் கீழே நிற்கும் சின்ன மரக்குச்சியோ இறுகியிருக்கிறது. அதற்கும் நிற்காவிட்டால் அடியில் மூடும் வால்வுத் தோலில் மண் இருக்கிறது அல்லது ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கும்பகோணம் கார்டு:

வாடகை டிஜிட்டல் ஆர்கன் யோசனையை நான் ஏற்கமாட்டேன். பெடல் பழகாத நாலு பேரைப் பெடல் வரிசைமுன் உட்காரவைத்தால் கால் என்ன செய்யும்? கையில் இருக்கும் ரீடு ஆர்கனுக்கென்றே பெண்கள் எழுதிய இசை இருக்கிறது. அதைவிட்டு ஏன் போக வேண்டும்?

முதலில் நாடியா புலாஞ்சே. 1911ல் எழுதிய மூன்று துண்டுகள்: பிரெலூட், சின்ன கேனன், இம்ப்ரொவிசாசியோன். ஆர்கன் அல்லது ஹார்மோனியத்துக்கு என்றே வெளிவந்தவை. கிரேடு 5 முடித்தவர் ஒரு மாதத்தில் கொண்டுவரலாம். கேனனில் ஒரு குரல் மற்றதைத் துரத்தும். பின்னால் வருவது தெளிவாகக் கேட்க வேண்டும், அதனால் ஸ்டாப் கொஞ்சமாக இழுங்கள். செசில் ஷமினாட் எழுதிய ஓபஸ் 171 தொகுப்பும் ஆர்கன் அல்லது ஹார்மோனியத்துக்குத்தான். பாமாலை வாசிக்கும் இருவருக்கு அதிலிருந்து மெதுவான இரண்டைக் கொடுங்கள்.

எதெல் ஸ்மைத்தின் சிறிய கோரல் பிரெலூடுகள் (சபைப் பாட்டு மெட்டைச் சுற்றி எழுதிய ஆர்கன் முன்னிசை) ஐந்தும் உங்கள் சபைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. லைப்ஸிக்கில் படித்தவர், பழைய ஜெர்மன் லுத்தரன் கோரல் மெட்டுகளை எடுத்து எழுதினார், 1913ல் அச்சானது. 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய ஊரில் அந்த மெட்டுப் பரம்பரைக்கு அறிமுகமே தேவையில்லை. பிரெலூடை வாசித்து முடித்ததும் பாடற்குழு அந்தக் கோரலை நாலு குரலில் ஒரு சரணம் பாடட்டும். சபையாருக்கு மெட்டு எங்கே ஒளிந்திருந்தது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஃபானி ஹென்செல், இசையமைப்பாளர் மெண்டல்சோனின் அக்கா, 1829 அக்டோபர் 3ல் நடந்த தன் சொந்தக் கல்யாணத்துக்கே ஆர்கன் இசை எழுதினார். எஃப் மேஜர் பிரெலூட் அதில் ஒன்று. ஆராதனை முடிவுக்கு வாசிக்கத் தம்பி அனுப்புவதாக இருந்த துண்டு, லண்டனில் வண்டி விபத்தில் அவர் அடிபட்டதால் வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அதையும் இவரே எழுதி முடித்தார். இவற்றுக்குப் பெடல் வேண்டும். வழி இருக்கிறது: மூன்று வரி சுரத்தாளில் மேலே இரண்டை ஒருவர் மிதி ஆர்கனில் வாசிக்கட்டும். கீழ்வரியை இன்னொருவர் பக்கத்தில் கீபோர்டில் 16 அடி ஆர்கன் ஒலி (ஒரு எண்மம் கீழே கேட்பது) வைத்து இடது கையால் வாசிக்கட்டும். கீபோர்டில் கோரஸ், டிரெமோலோ இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இதில் சறுக்கும் இடம் சுருதி. பழைய ஆர்கன்கள் பல இன்றைய ஏ=440ல் (ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு) இருக்காது. 435ல் இருந்தால் ஏறத்தாழ 20 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கீழே. மேலே 450க்கும் அந்தப்பக்கம் போனவையும் உண்டு. ஆர்கனைச் சுரண்டி 440க்குக் கொண்டுவரலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கைபேசி டியூனரில் ஆர்கனின் ஏ-யைப் பார்த்து, கீபோர்டின் மாஸ்டர் டியூனை அதற்கு மாற்றுங்கள். வயலினும் ஆர்கனுக்குத்தான் சேர வேண்டும்.

வயலின் இருப்பதால் ஃபுளோரன்ஸ் பிரைஸ் எழுதிய ‘அடோரேஷன்’ சேருங்கள். 1951ல் வந்த சின்ன ஆர்கன் துண்டு, டி மேஜர். மேல்வரி பாட்டு மாதிரியே போகும். அதை வயலினுக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஆர்கனில் மெலோடியா ஸ்டாப் மட்டும் இழுத்து வாசித்தால் போதும். சபையார் சேர்ந்து பாட ஃபீபி நாப் 1873ல் போட்ட ‘அஷ்யூரன்ஸ்’ மெட்டு. ஃபானி கிராஸ்பி வரிகள் எழுதிய பாட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். மெட்டும் ஒரு பெண் போட்டது என்பது பலருக்குத் தெரியாது.

தொடக்கூடாதவை: ழான் தெமஸ்யூவின் 1944 எட்யூடுகள் (பயிற்சித் துண்டுகள்). அவை காலுக்கென்றே எழுதப்பட்ட சிலம்பம். எல்ஃப்ரிடா ஆந்த்ரேயின் ஆர்கன் சிம்பொனியும் பெடல் இல்லாமல் நிற்காது. அவற்றை ஒலிப்பதிவில் ஐந்து நிமிடம் போட்டுக்காட்டுங்கள். ஆந்த்ரேயைப் பற்றித் தொகுப்பாளர் சொல்ல வேண்டியது இரண்டே வரி: ஸ்வீடனில் பெண்கள் ஆர்கனிஸ்ட் வேலை பார்க்க 1861ல்தான் சட்டம் இடம் கொடுத்தது, அதற்காகப் போராடியவர்களில் இவர் ஒருவர், 1867ல் கோத்தன்பர்க் பேராலயத்தில் ஆர்கனிஸ்டாகி 1929ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இங்கிலாந்தின் எலிசபெத் ஸ்டர்லிங்குக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. 1856ல் ஆக்ஸ்ஃபோர்டு இசைப் பட்டத்துக்கு எழுதிய படைப்பு தேறியும், பெண் என்பதால் பட்டம் இல்லை.

தஞ்சை சொப்ரானோ:

மேலே இரண்டு பேரும் விட்டுப்போனது ஒன்று. சேலை.

மிதி ஆர்கனில் கால் இரண்டும் மாறி மாறி மிதிக்கும். வலது முழங்கால் தகட்டை வெளிப்பக்கம் தள்ளினால் ஒலி பெருகும், இடதைத் தள்ளினால் எல்லா ஸ்டாப்பும் ஒன்றாகத் திறக்கும். குறுகலான உள்பாவாடை கட்டியிருந்தால் முழங்கால் விரியவே விரியாது. கொசுவம் மிதிக்கும் சட்டத்துக்கும் நடுவே போய் மாட்டும். வாசிக்கிறவர்கள் சுடிதார் போடலாம். பாடற்குழுச் சீருடை சேலைதான் என்றால் அகலமான உள்பாவாடை, கொசுவத்தை நாலு விரல் ஏற்றிக் கட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு பின். ஒத்திகையையும் அதே சேலையில் செய்யச் சொல்லுங்கள். கொலுசையும் கழற்றி வைக்கட்டும், மைக்கில் நன்றாகக் கேட்கும். செருப்பில்லாமல் மிதிப்பதே நல்லது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். மிதிக்க மிதிக்கப் பின்னால் நகரும். கைப்பிடி இல்லாத மர ஸ்டூல், முழங்கால் தகட்டுக்கு நேரே வருகிற உயரத்தில். உயரம் குறைந்த பெண்ணுக்கு அடியில் பலகை போடுங்கள்.

கீர்த்தனை கேட்டிருந்தீர்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாடல்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் விழாவா? ஆனால் ஆர்கனில் மெட்டை அப்படியே வாசிக்காதீர்கள். கட்டைக்குக் கட்டை தாவுமே தவிர கமகம் வராது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை உள்ளே விடாததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆர்கனைச் சுருதிக்கு வையுங்கள். பெண் குரல் ஐந்து கட்டை என்றால் ஜி-யும் மேலே டி-யும், டல்சியானா ஸ்டாப் மட்டும். மிதி சீராக இருக்க வேண்டும். வேகமாக மிதித்தால் ரீடு ஒரு பொட்டு இறங்கும், பாடுகிறவர் தொண்டையில் உடனே தெரியும். கமகத்தை வயலின் பார்த்துக்கொள்ளும்.

தொகுப்பாளருக்கு நம் ஊர்ச் செய்தியும் ஒன்று: தஞ்சாவூர் இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1916ல் பரோடா இசை மாநாட்டில் தன் சுருதிக் கொள்கையைச் சொன்னபோது, வீணையில் அதை நிரூபித்துக் காட்டியது அவர் வீட்டுப் பெண்கள்.

இன்னொன்று கமிட்டிக்கு. அடுத்த மாத ஆராதனை வாசிப்புப் பட்டியலில் இந்த நாலு பேர் பெயரையும் விழாவுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பல சபைகளில் பெண் பிள்ளைகள் கிரேடு பரீட்சை எல்லாம் எழுதிவிட்டு ஓய்வுநாள் பள்ளியில் மட்டும்தான் வாசிக்கிறார்கள். ஞாயிறு காலை நாற்காலி ஒருவருடைய பட்டா நிலம் மாதிரி.

நாகை மைக்செட்:

சுருக்கமாக.

தேதி: சாம்பல் புதன் பிப்ரவரி 4லிருந்து மார்ச் 10க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அன்று தொடங்கும் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்கால) நாட்களுக்குள் விழுந்துவிடாமல் காலண்டர் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீடு ஆர்கன் சத்தம் பின்பக்கம்தான் அதிகம் வரும். சுவரோடு ஒட்டிவைக்காமல் மூன்றடி தள்ளி வையுங்கள். பின்னால் இரண்டடி தூரத்தில், பாதி உயரத்தில் ஒரு கண்டென்சர் மைக். கீழே வைத்தால் மிதிச்சத்தம் தடதடவென்று வரும். ஆர்கனுக்கு நேர்மேலே உள்ள சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், சுரத்தாளும் பறக்காது. தாளை அட்டையில் ஒட்டி ஸ்டாண்டில் கிளிப் போடுங்கள்.

கரண்ட் போனால் மிதி ஆர்கனுக்குக் கவலையில்லை, கீபோர்டுக்குத்தான். சாதா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் இரைச்சல் போடும். சைன் வேவ் கேட்டு வாங்குங்கள்.

காப்புரிமை: இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை. ஸ்மைத், ஷமினாட் இருவரும் 1944ல் காலமானார்கள், பிரைஸ் 1953. ஆகவே அவை தாராளம். புலாஞ்சே 1979, இன்னும் உரிமை உண்டு. டிக்கெட் போடாமல் சபையில் தொழில்முறையல்லாத குழு வாசிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அது வாசிப்புக்கு மட்டும். யூடியூபில் ஏற்றுவதும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும் அதில் வராது. புலாஞ்சே தாளை விலைக்கு வாங்குங்கள், அவர் பகுதி வரும்போது நேரலையை நிறுத்துங்கள்.

பொறையார் ஆல்ட்டோ:

எல்லாருக்கும் நன்றி. டிரெபிள் கப்ளரை உள்ளே தள்ளியதும் ஜி நின்றுவிட்டது. மூடிய ஸ்டாப்போடு காற்று பத்து விநாடிகூட நிற்கவில்லை. இடது பக்க மூலையில் துணி கிழிந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: ஆர்கனைப் பக்க அறையிலிருந்து ஆல்டர் பக்கம் நகர்த்த வேண்டும். சரிசெய்வதற்கு முன்னாலா, பின்னாலா?

ரீடு கொக்கி:

முன்னாலேயே நகர்த்துங்கள். ஒட்டிய துருத்தியை ஆட்டினால் புது ஒட்டு மூலையில் விட்டுக்கொடுக்கும். மேலே உள்ள அலங்காரக் கூண்டைத் தனியாகக் கழற்றிக்கொண்டு, நாலு பேர் அடிச்சட்டத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். கட்டைக்கு முன்னால் இருக்கும் பட்டியையோ விளக்குத் தாங்கியையோ பிடித்தால் கையோடு வந்துவிடும். மிதி இரண்டையும் கயிற்றால் மேலே கட்டிவிடுங்கள். வைக்கிற இடத்தில் நாலு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்து இரண்டு அங்குலம் உயர்த்தினால் தரை ஈரமும் கரையானும் எட்டாது.

கப்ளருக்கு: கட்டை மேல்பலகையைத் திறந்தால் சாய்வாக வரிசையாக நெம்புகோல்கள் தெரியும். ஜி-க்கு உரியது அதற்கு மேல் எண்மத்து ஜி-யோடு இணைந்திருக்கும். நீங்கள் கேட்கும் ஜி மேலே உள்ளதா, இருந்த இடத்து ஜி-யா என்று ஒருமுறை காதால் சரிபாருங்கள். மேலே உள்ளது என்றால் சிக்கல் கீழ்க்கட்டையின் நெம்புகோலில். இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்து, உரசும் இடத்தில் பென்சில் கரி. வளைந்திருந்தால் மூக்குக் குறடால் நிமிர்த்தலாம். அது ரீடு இல்லை, பயப்பட வேண்டாம்.